என் ஈறும் சம்பள ஞாயிறும்

பெண் பார்க்க வருகிறவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், முடியைப் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ராக்காயி அத்தை நான் துப்பியதைப் பார்த்தாள். என் கல்யாணம் அங்கேதான் தடுக்கி விழுந்தது.

அது அறுபத்தொன்றாம் வருடம், ஆவணி மாதம். ராக்காயி அத்தை என் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தாள். அவளுடைய மகன் சின்னராசாவுக்கு என்னைப் பேசி, வெற்றிலைத் தட்டும் மாற்றியாகிவிட்டது. தை மாதம் கல்யாணம். அதுவரை உறவு ஆறிப்போகாமல் இருக்க, மாதாமாதம் சம்பளம் போட்டதற்கு அடுத்த ஞாயிறு அவர்கள் எங்கள் லயத்துக்கு வந்துபோவதாக ஏற்பாடு. மற்ற ஞாயிறுகளில் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் யார் கையில் காசு இருக்கிறது? சனிக்கிழமை சாயந்திரம் வருவார்கள், ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு றொசல்ல ஸ்டேஷனில் ரயிலேறுவார்கள்.

எனக்குச் சின்னராசாவைப் பிடித்திருந்தது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் நான் மறைத்தேன் என்று சொல்லக்கூடாது. ஸ்டோரில் தேயிலை அரைக்கிற வேலை அவருக்கு. குளித்து வெள்ளைச் சட்டை போட்டு வந்தாலும் காதுமடலில் கொஞ்சம் தேயிலைத் தூள் ஒட்டியிருக்கும். அந்தக் காதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும், சிரிப்பு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். வெட்கம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அந்த ஞாயிறு காலையில் பீலியில் நல்ல கூட்டம். மலையிலிருந்து தகரக் குழாயில் வந்து கொட்டும் அந்தத் தண்ணீர்தான் லயத்தில் வரிசையாக ஒட்டியிருக்கும் பன்னிரண்டு காம்பிரா வீடுகளுக்கும். நான் அடுப்புக்கரியில் உப்புச் சேர்த்துப் பல் தேய்த்துத் துப்பினேன். கறுப்பாக விழவேண்டியது சிவப்பாக விழுந்தது. எனக்கு அது புதிதில்லை. எப்போதாவது அப்படி வரும், நாலைந்து நாளில் போய்விடும். கரியை அழுத்தித் தேய்த்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்வேன். நிமிர்ந்தால் பக்கத்தில் அத்தை, கையில் வாளியோடு நின்றாள்.

"என்னடி அது?"

"கரி அத்தே."

"கரி செவப்பாவா இருக்கும்?"

அத்தை வாளியில் தண்ணீர் பிடிக்காமலே திரும்பிப் போனாள். அம்மா விடிவதற்கு முன்பே எழுந்து கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். அத்தை அதைத் தொடவில்லை. "வயித்துல புளிப்பா இருக்கு மதினி" என்று சொல்லி, மாமாவையும் மகனையும் கிளப்பிக்கொண்டு காலை ரயிலுக்கே போய்விட்டாள். அம்மாவுக்கு விஷயம் தெரியாது. குழம்பில் உப்புக் கூடிவிட்டதா என்று அன்றைக்கு முழுவதும் ருசி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

புதன்கிழமை காகிதம் வந்தது. எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், ஐந்தாம் வகுப்பு. அப்பாவும் அம்மாவும் எதிரே உட்கார, நான் சத்தமாகப் படித்தேன். சின்னராசாவின் கையெழுத்து, அத்தையின் பேச்சு. "மீனம்மாவுக்கு நெஞ்சு நோய் இருக்குற மாதிரித் தெரியுது. எச்சில்ல ரத்தம் வருது. டாக்டரய்யாகிட்ட காட்டி, ஒண்ணுமில்லன்னு துண்டு வாங்கி வைங்க. இல்லாட்டி தட்டைத் திருப்பிக்குவோம்." எனக்கு நோய் என்று என் வாயாலேயே படித்துச் சொன்ன ஆள் இந்த மலைநாட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சிரிக்கிற விஷயமில்லை. நெஞ்சு நோய், அதாவது காசம், என்று பெயர் விழுந்துவிட்டால் அந்தப் பெண்ணை யாரும் கேட்டு வரமாட்டார்கள். அதோடும் விடாது. அடுத்த வீட்டுக்காரி தம்ளர் இரவல் தரமாட்டாள், மலையில் கொழுந்து எடுக்கும்போது பக்கத்து நிரையில் நிற்க ஆள் இராது, தோட்டத்திலும் பேரை வெட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். எங்கள் மேல்லயத்தில் அப்படிப் போன ஒருவர் திரும்பி வந்து ஆறு வருடம் நன்றாக இருந்தார். கடைசிவரை அவர் உட்கார்ந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை.

அடுத்த வாரம் அம்மா என்னை டிஸ்பென்சரிக்கு இழுத்துப் போனாள். டிஸ்பென்சர் சிறில் ஐயா, நாங்கள் டாக்டரய்யா என்போம், நல்ல மனிதர். அவரிடம் மூன்று மருந்து உண்டு. ஒன்று இருமலுக்கு, ஒன்று வயிற்றுக்கு, ரோஸ் நிறத்தில் இருக்கும் மூன்றாவது மற்ற எல்லாவற்றுக்கும். அவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், முதுகில் தட்டினார், கரண்டிக் காம்பை விட்டு வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"நெஞ்சு சுத்தம். ஈறும் சுத்தம். ஒங்க மதினிக்கிட்ட கண்ணைக் காட்டச் சொல்லுங்க" என்றார். துண்டு எழுதி, முத்திரை குத்தி, கையோடு ரோஸ் மருந்தும் கொடுத்தார். நான் வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். உண்மையாகவே ஈறு வெளிறிய ரோஸ் நிறத்தில், ஒரு குற்றமும் இல்லாமல் இருந்தது. நானே அத்தைக்குக் கண் மங்கல் என்று நம்பிவிட்டேன்.

புரட்டாசிச் சம்பள ஞாயிறு வந்தது, அவர்களும் வந்தார்கள். அப்பா துண்டை எடுத்து நீட்டினார். சின்னராசா படித்தார். அத்தை வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "எழுதுனதை அவரு எழுதட்டும். வாயைத் தொற" என்றாள்.

வாசல் திண்ணையான இஸ்தோப்பில், வெளிச்சத்தில், லயமே பார்த்துக்கொண்டிருக்கும்போது, மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி என் உதட்டைப் பிடித்து மேலே தூக்கினாள். நானும் துணிந்துதான் காட்டினேன். டாக்டரய்யா சொன்னது மனதில் இருந்தது, அன்று காலையில் நான் கண்ணாடி பார்க்கவில்லை. அத்தை முந்தானை நுனியால் ஈறை ஒரு அழுத்து அழுத்தி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரித் தூக்கிப் பிடித்தாள். பொட்டு வைத்த மாதிரி ரத்தம்.

"பீட்ரூட் மாதிரி வீங்கிக் கெடக்கு. இதுக்கா துண்டு? கோழி குடுத்து வாங்குனீங்களாண்ணே?"

அப்பா துண்டை வாங்கித் திரும்ப மடித்தார். அம்மா அழ ஆரம்பித்தாள். நான் சின்னராசாவைப் பார்த்தேன். அவர் தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெருவிரலில் அப்படி என்ன அதிசயம் இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அத்தை புறப்படும்போது தவணை சொன்னாள்: அடுத்த மாதம் தீபாவளி, வரமாட்டார்கள், கார்த்திகைச் சம்பள ஞாயிறு கடைசியாக ஒருமுறை வந்து பார்ப்பாள், அப்போதும் இப்படியே இருந்தால் தட்டு திரும்பிவிடும்.

அதற்குப் பிறகு எங்கள் காம்பிராவில் பேச்சு குறைந்துவிட்டது. அப்பா வேலை முடிந்து வந்தால் பீடியும் கையுமாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். அம்மா கண்டதையெல்லாம் அரைத்து என் வாயில் அப்பினாள். மஞ்சள், வேப்பம்பட்டை, கராம்பு. என் வாய் மசாலாக் கடை மாதிரி மணத்தது. பக்கத்து வீட்டு வேலாயி, காலையில் என்னோடு ஒன்றாகப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு வந்து ஒன்றாகக் கொழுந்து எடுக்கிறவள், அவள் மட்டும் வழக்கம்போல என் தண்ணீர்ப் போத்தலில் வாய் வைத்துக் குடித்தாள். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. சனியனே, போத்தலைக் காலி பண்ணிவிட்டாய் என்று அவளைத் திட்டிச் சமாளித்தேன்.

அத்தை வந்துபோன அந்த வாரமே, புதன்கிழமை, மறுபடி டிஸ்பென்சரிக்குப் போனேன், அம்மாவுக்குத் தெரியாமல். சிறில் ஐயா அட்டனுக்குப் போயிருந்தார். புதிதாக வந்திருந்த மிட்வைஃப் மார்கிரட் இருந்தாள். எல்லோரும் மிஸ்ஸி என்று கூப்பிட்டாலும் என்னைவிட இரண்டு வயதுதான் மூப்பு இருக்கும். நான் ஈறு வீங்கி ரத்தம் வருகிறது என்று சொன்னதும், கையில் இருந்த பஞ்சை வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"எத்தனை மாசம்?"

"ரெண்டு மாசமா மிஸ்ஸி."

"கல்யாணம் ஆயிருச்சா?"

அப்போதுதான் எனக்கு அவள் கேட்டது உறைத்தது. கரண்டியை எடுத்து அடித்திருப்பேன், மேசை நடுவில் இருந்தது. "அதுதான் நிக்கப் போவுது! இதுல நீங்க வேற புள்ளையைக் குடுக்குறீங்க!" என்று கத்திவிட்டேன். வெளியே மருந்துக்குக் காத்திருந்த கிழவர்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

மார்கிரட் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். கோபப்படவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். "கோவிச்சுக்காதே. வயித்துப் புள்ளைக்காரங்களுக்கு ஈறு செவந்து வீங்கும், ரத்தம் வரும். எங்களுக்குப் படிப்பிச்சிருக்காங்க. அதான் கேட்டேன். எங்க, வாயைக் காட்டு."

காட்டினேன். ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை பீட்ரூட்டாக இருந்த ஈறு அடங்கி, ஓரத்தில் மட்டும் லேசான சிவப்பு. எனக்கே ஆத்திரமாக வந்தது. எதிரிக்கு வேண்டியவன் சாட்சி சொல்கிற மாதிரி, அத்தை வந்தால் சிவக்கிறது, டாக்டரிடம் போனால் வெளுக்கிறது!

மார்கிரட் கொஞ்சம் யோசித்தாள். "நீ கடைசியா எப்ப தூரமான?"

"இன்னிக்குத்தான் ரெண்டாம் நாளு."

"அதுக்கு முந்தின மாசம்?"

நான் விரல் விட்டேன். ஆவணியில் அத்தை சாப்பிடாமல் போன ஞாயிறு. செவ்வாய்க்கிழமை காலையில் நான் தட்டையும் பாயையும் எடுத்துக்கொண்டு இஸ்தோப்பு மூலைக்குப் போய்விட்டேன். புதன்கிழமை காகிதத்தைக்கூட அந்த மூலையில் இருந்தபடியேதான் படித்தேன். இந்த முறை ஞாயிறு அத்தை, செவ்வாய் மூலை.

"அத்தை வந்துட்டுப் போனா ரெண்டாம் நாளு" என்றேன்.

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும்."

மார்கிரட் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். "மாசாமாசம் பொம்பளை ஒடம்பு புள்ளைக்காக ஒருதடவை தயாராகிப் பாக்குது. புள்ளை இல்லன்னா ஏமாந்து தூரமாகுது. அப்படித் தயாராகும்போது சில பேருக்கு ஈறும் சேந்து தயாராகுது போல. அதுக்கு அறிவில்ல. ரத்தம் கூடுது, செவக்குது, வீங்குது. தூரமானதும் வடிஞ்சு போகுது." பிறகு அவளே, "இது நானா நெனைக்கிறதுதான். எனக்குமே முந்தின நாள்கள்ல வாய் உப்புக் கரிக்கும். என்னை நம்பாதே. தினமும் காலையில பாத்துக் குறிச்சு வையி" என்றாள்.

குறித்தேன். கதவுக்குப் பின்னால், கரித்துண்டால். ஈறு வெளுத்திருந்தால் ஒரு கோடு, சிவந்திருந்தால் ஒரு புள்ளி. வரிசையாகக் கோடுகள் நடந்தன. இருபது நாளைக்கு மேல் கோடு, கோடு, கோடு. அப்பா ஒருநாள் பார்த்துவிட்டு, "என்னாம்மா இது, ஜெயில்ல இருக்குற மாதிரி?" என்று கேட்டார். வெகுநாளைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய பேச்சு அது. பிறகு ஒரு காலை புள்ளி விழுந்தது. அடுத்த நாளும் புள்ளி. ஐந்தாம் புள்ளிக்கு அடுத்த நாள் நான் பாயைத் தூக்கிக்கொண்டு இஸ்தோப்புக்குப் போனேன். போகும்போது எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தூரமாகிப் பாயைத் தூக்கிக்கொண்டு சிரித்துக்கொண்டே போனவளை அம்மா அதற்கு முன் பார்த்ததில்லை. நோய் தலைக்கு ஏறிவிட்டது என்று பயந்துவிட்டாள்.

கோடு போட ஆரம்பித்த வாரமே இதை வேலாயியிடம் சொன்னது என் தப்பு. அவள் மறுநாளே மலையில் இருந்த எல்லாப் பெண்களின் வாயையும் திறக்க வைத்துவிட்டாள். எங்களில் பாதிப் பேருக்கு ஈறு பிறவியிலேயே நாவல்பழ நிறம். அதில் சிவப்பைக் கண்டுபிடிக்கப் பல்லை ஒட்டிய ஓரத்தை உற்றுப் பார்க்கவேண்டும். ஒருத்தி வாயைப் பிளக்க, இன்னொருத்தி குனிந்து எட்டிப் பார்க்க, கூடைகள் முதுகில் ஆட, மலையே சந்தைக்கடை ஆகிவிட்டது. கங்காணி மூக்கன் கீழ் ரோட்டிலிருந்து பார்த்துவிட்டு மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"என்னாங்கடி நடக்குது இங்க? கொழுந்தை வாயாலயா எடுக்கப் போறீங்க?"

"பல்லு வலி கங்காணி" என்றாள் வேலாயி. "எல்லாருக்கும் ஒட்டிக்கிச்சு. நீங்களும் கொஞ்சம் தொறந்து காட்டுங்க."

கங்காணி வாயை இறுக மூடிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். எங்கள் நிரையில் என்னைத் தவிர ஒன்பது பேர். அவரவர் நாள் வரும்போது பார்த்ததில் நாலு பேருக்கு ஓரம் சிவந்தது. ஐந்து பேருக்கு ஒரு மாற்றமும் இல்லை. அந்த ஐந்து பேரும் எங்களுக்கு ஏன் இல்லை என்று சண்டைக்கு வந்தார்கள். வேலாயிக்கு இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஈறைப் பார்த்துவிட்டு, ஞாயிறு கோயிலுக்கு மாவிளக்கு எடுக்கிறதாகச் சொன்னதை மாற்றிக்கொண்டாள். சனிக்கிழமை தூரமானாள். அதற்குப் பிறகு நான் சொன்னது மலையில் யாருக்கும் சந்தேகமில்லை.

ஆனால் மலை நம்பி என்ன செய்வது? கார்த்திகைச் சம்பள ஞாயிறு என் புள்ளிகளுக்கு நடுவில்தான் விழுந்தது. கணக்கு எனக்கு அப்படி, சம்பளத் தேதிக்கும் அப்படி. அத்தை மறுபடி வருவாள், மறுபடி முந்தானையை அழுத்துவாள். வேறு ஞாயிறு வாருங்கள் என்று எழுதலாம் என்றால் ஏன் என்று எழுதவேண்டும். எழுதுவது நான், படிப்பது சின்னராசா, பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது மாமா. அந்தச் சொல்லை ஆண்கள் காதில் விழ எங்கள் லயத்தில் யாரும் சொன்னதில்லை. மூலையில் பாய் விரித்திருந்தால் ஆண்கள் வேறுபக்கம் பார்த்து நடப்பார்கள், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

"நாமளே போவோம்" என்றேன் அம்மாவிடம். "ஈறு வெளுத்திருக்குற ஞாயிறாப் பாத்து நோர்வூட்டுக்கே போவோம். கண்ணால பாக்கட்டும்."

"கல்யாணத்துக்கு முந்தி பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்குப் போறதா? ஒலகம் என்னடி சொல்லும்?"

"இப்ப மட்டும் பூப்போட்டுக் கும்புடுதா?"

அம்மா இரண்டு நாள் யோசித்துவிட்டு, சரி, நான் வந்து அவளிடம் பக்குவமாகச் சொல்கிறேன் என்றாள். நானும் நிம்மதியானேன். தீபாவளிக்கு முந்திய ஞாயிறு என்று முடிவு. அந்த ஞாயிறு விடிய எழுந்து பார்த்தால், அம்மா தன் பாயைச் சுருட்டிக்கொண்டு இஸ்தோப்பு மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். நல்ல காரியத்துக்கு வரக்கூடாதாம். என் ஈறுக்கு எச்சரிக்கை கொடுக்கத் தெரிகிறது, என் அம்மாவுடையதுக்குத் தெரியவில்லை.

ஆக, அப்பாவும் நானும். அப்பாவிடம் அம்மா மூலையில் இருந்தபடியே என்ன சொன்னாளோ தெரியாது. அவர் காது சிவக்க எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, ஸ்டேஷன்வரை எனக்குப் பத்தடி முன்னால் நடந்தார். றொசல்லையில் ஏறி அட்டனில் இறங்கினோம். நோர்வூட் பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. வழி முழுக்க நாக்கால் ஈறைத் தடவிப் பார்த்துக்கொண்டே போனேன், எங்கே நடுவழியில் சிவந்து தொலைத்துவிடுமோ என்று. பயமாக இருந்தது. அங்கே என் பக்கத்தில் பேச ஒரு பெண்கூட இல்லை.

அவர்கள் லயத்தில் எல்லோரும் வீட்டில்தான் இருந்தார்கள். மாமா இஸ்தோப்பில் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். சின்னராசா என்னைக் கண்டதும் எழுந்து நின்றார், பிறகு உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். அத்தை வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்தாள்.

"என்னண்ணே இது புதுப் பழக்கமா இருக்கு? பொண்ணைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். நான், "அத்தே, ஒங்ககிட்ட தனியாப் பேசணும். அடுப்படிக்கு வாங்க" என்றேன். பதில் வருவதற்குள் உள்ளே போய்விட்டேன். மரியாதையில்லைதான். நின்றால் ஆண்கள் முன்னாலேயே என்ன என்று கேட்டுவிடுவாள்.

பின்கதவு வெளிச்சத்தில் நின்று நானே உதட்டைத் தூக்கிக் காட்டினேன். அத்தை குனிந்து பார்த்தாள். முந்தானையை எடுத்து அழுத்தினாள், ஒரு பக்கம், மறு பக்கம், அடிப்பல், மேல்பல். துணி வெள்ளையாகவே இருந்தது. நம்பாமல் இன்னொரு முறை அழுத்தினாள். அந்த அழுத்துக்கு நோயில்லாத ஈறுக்குக்கூட ரத்தம் வந்திருக்கவேண்டும்.

"என்ன மருந்து குடிச்ச?"

"ஒண்ணுமில்ல அத்தே. இது தூரத்துக்கு முந்தி வர்றது. ஒரு நாலஞ்சு நாளு செவந்து வீங்கும், தூரமானா வத்திரும். நீங்க வர்ற சம்பள ஞாயிறெல்லாம் எனக்கு அந்த நாளாப் போச்சு. இடையில ஒருநாளு நீங்க என் வாயைப் பாத்ததே இல்ல. மிட்வைஃப் மிஸ்ஸியும் சொன்னாங்க. எங்க மலையில இன்னும் நாலு பேருக்கு இருக்கு."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். சண்டைக்குத் தயாராக நின்றேன். அத்தை சண்டை போடவில்லை. அடுப்புக்கல் பக்கத்தில் மெதுவாகக் குந்தி உட்கார்ந்தாள்.

"காலையில எந்திரிச்சா வாய் உப்புக் கரிக்குமா?"

"ஆமா."

"சூடா ஏதும் குடிச்சா எரியும். ரொட்டிக் கரை பட்டாப் போதும், கசியும்."

"ஆமா அத்தே."

"தலைகாணியில பொட்டாட்டம் ஒட்டியிருக்கும். யாரும் பாக்குறதுக்கு முந்தி திருப்பிப் போடணும்."

எனக்குத் தலையணையில் ஒருநாளும் ஒட்டியதில்லை. நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"பதினஞ்சு வயசுல ஆரம்பிச்சுச்சு. அந்த வருசந்தான் எங்க லயத்துல ஒருத்தியை நெஞ்சு நோய்னு கொண்டு போனாங்க. திரும்பி வரல. எனக்கும் அதுதான்னு நெனச்சேன். அன்னிக்குப் போட ஆரம்பிச்ச வெத்தலை. வாய் செவப்பா இருந்தா எதுல செவப்புன்னு யாருக்குத் தெரியும்? கட்டிக்கிட்டு வந்தேன், புள்ளை பெத்தேன், பாலு குடுக்குறப்பல்லாம் நோயையும் சேத்துக் குடுக்குறேன்னு அழுதுக்கிட்டே குடுத்தேன். கடைசியா மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்தேன். அவதான் கண்ணைத் தொறந்தா. இப்ப ரெண்டு வருசமாச் சொட்டு ரத்தம் இல்ல."

கேட்கலாமா என்று ஒரு கணம் தயங்கினேன். பிறகு கேட்டுவிட்டேன். "அத்தே, மத்ததும் ரெண்டு வருசமா இல்லையா?"

அத்தை நிமிர்ந்தாள். விரல்களை மடக்கி என்னவோ எண்ணிப் பார்த்தாள். பிறகு, என் வாழ்க்கையில் நான் எதிர்பார்க்காத ஒரு காரியம், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். பாதியில் அது அழுகையாக மாறிவிட்டது. என் உதட்டைப் பிடித்துத் தூக்கியவள்மேல் இத்தனை நாள் வைத்திருந்த கோபத்தை நான் அப்போது தேடினேன், கிடைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவினேன்.

"அப்ப எனக்கு ஒண்ணுமே இல்லையாடி?"

"ஒண்ணுமே இல்ல அத்தே."

அத்தை மூக்கைச் சிந்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இஸ்தோப்புக்கு வந்தாள். அழுத சத்தம் வெளியே கேட்டிருக்கவேண்டும். மூன்று ஆண்களும் எழுந்து நின்றிருந்தார்கள். ஏதாவது சாக்குச் சொல்லி முடித்துவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன்.

"மீனம்மாவுக்கு நெஞ்சு நோயுமில்ல, ஒரு மண்ணுமில்ல" என்றாள் அத்தை, நோர்வூட் சந்திவரை கேட்கிற குரலில். "வீட்டுக்குத் தூரமாகுறதுக்கு முந்தி அவளுக்கு ஈறு செவக்குது. தூரமானா வத்திருது. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. பதினஞ்சு வயசுலருந்து ரெண்டு வருசத்துக்கு முந்திவரைக்கும். தை மாசம் கல்யாணம். யாருக்காவது ஏதாச்சும் கேக்கணுமா?"

அப்பா கூரையில் எத்தனை தகரம் என்று எண்ணத் தொடங்கினார். பக்கத்துக் காம்பிராவில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது. மாமா மட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாகப் போறோம்னு நெனச்சுக்கிட்டா எங்கூட இத்தனை வருசம் குடும்பம் நடத்துன?"

"ஆமா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா என்னை வச்சுக்கிட்டிருப்பீங்களா?"

மாமா பதில் சொல்லவில்லை. அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. அத்தையும் இரண்டாம் முறை கேட்கவில்லை. அப்போதுதான் சின்னராசா தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தார்.

"நான் வச்சுக்கிட்டிருப்பேன்" என்றார் என்னைப் பார்த்து. "நெஞ்சு நோய்னே இருந்தாலும் நான் கட்டியிருப்பேன், மீனம்மா."

அவர் கண்ணைப் பார்த்தேன், மெய்யாகத்தான் சொன்னார். எனக்கு உள்ளே என்னவோ உருகியது. கூடவே இரண்டு மாதத்துக் கோபமும் ஒன்றாகக் கிளம்பிவிட்டது.

"ரெண்டு மாசமா ஊரே என் வாயைத் தொறந்து பாத்துச்சு, மச்சான்" என்றேன். "நீங்க ஒருதடவை ஒங்க வாயைத் தொறந்திருக்கலாம்."

அப்பாதான் முதலில் சிரித்தார்.